புகலிடமும் எல்லை வழக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எல்லை வழக்கு என்பது நெடுங்காலமாகப் பழகிப்போன ஒன்று. வேலிக் கதியால் இரவோடு இரவாக ஒரு முழம் தள்ளி நடப்பட்டது என்பதற்காகத் தலைமுறை கடந்து நீதிமன்றப் படியேறிய குடும்பங்கள் அங்கு உண்டு. கதியாலைத் தள்ளி நடுவோர் தம் காணி பெருகவேண்டும் என்றே அவ்வாறு செய்வர். தம் காணி சுருங்கவேண்டும் என்று வேலியை உள்நோக்கி நகர்த்துவார் எவரும் இலர். ஆயினும் கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள் பெரிய அரசுகள் சில அதனையே செய்திருக்கின்றன. புகலிடம் நாடி வருவோர் தம் மண்ணில் கால்வைத்ததாகச் சட்டம் கருதிவிடக்கூடாது என்பதற்காக அவை தம் எல்லையைத் தாமே உள்நோக்கி இழுத்துக்கொண்டன. வேறு சில வேளைகளில் அதே எல்லையை நடுக்கடல் வரையிலும் பிறநாட்டு விமான நிலையங்கள் வரையிலும் வெளியே தள்ளி வைத்தன. இவ்வேலைகளை எதிர்த்து எழுந்த வழக்குகளுள் முதன்மையான பலவற்றில் வழக்காளிகளாக நின்றோர் இலங்கைத் தமிழரே. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் சட்டம் பயிலும் மாணாக்கர் இன்று படிக்கும் புகலிடச் சட்டத்தில் ஒரு பகுதி, 1983 யூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டுப் புறப்பட்டவர்களின் கதையாகவே இருக்கிறது.

அவ்வழக்குகளை விளங்கிக்கொள்வதற்கு முன் சட்டத்தின் அடிப்படையை அறிந்துகொள்ளுதல் நலம். துன்புறுத்தலினின்று தப்பிப் பிறநாடுகளில் புகலிடம் தேடவும் துய்க்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்று 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் கூறுகிறது. தேடுவதற்கு உரிமை உண்டு. கொடுப்பதற்குக் கடமை உண்டு என்று அது கூறவில்லை. 1951 யூலை 28ஆம் நாள் ஜெனீவாவில் கையெழுத்தான அகதிகள் உடன்படிக்கை, இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியற் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க ஆதாரத்தோடு அஞ்சுபவரே அகதி என வரையறுத்தது. 1967ஆம் ஆண்டின் நெறிமுறை அதனை உலகம் முழுவதற்கும் விரித்தது. உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரை, ஆபத்திலிருந்து நேராக வந்து தாமதமின்றி அதிகாரிகள் முன் தோன்றிய அகதியை அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டித்தலாகாது என்கிறது. 33ஆம் உறுப்புரை அவரை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்புதலாகாது என்கிறது.

ஒருவர் அகதியா அல்லரா என்பதை யார் விசாரிப்பது, எங்கே விசாரிப்பது, விசாரணை முடியும்வரை அவரை எங்கே வைத்திருப்பது என்பவற்றைப் பற்றி அவ்வுடன்படிக்கை ஏறத்தாழ மௌனம் சாதிக்கிறது. எல்லையில் எழுந்த வழக்குகள் பெரும்பாலும் இந்த மௌனத்திலிருந்தே பிறந்தன.

முதலில் பிரித்தானியாவை நோக்கலாம். 1985 மே மாதத்தில் பிரித்தானிய அரசு இலங்கையர் யாவரும் முன்கூட்டியே விசாப் பெற்று வரவேண்டும் என்று விதித்தது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்கள்மீது அவ்வாறு விசா விதிக்கப்பட்டது அதுவே முதன்முறை. புகலிடம் கேட்பதற்கென்று விசா எதுவும் கிடையாது என்பதனை இங்கே கருத்தில் வைக்கவேண்டும். உண்மையைச் சொல்லி விண்ணப்பிப்பவருக்கு அது கிட்டாது. உண்மையை மறைத்து வருபவர் பின்னர் பொய்யர் எனப்படுவார். 1987 பெப்ரவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிப் புகலிடம் கேட்டனர். அவர்களைத் திரும்பவும் விமானம் ஏற்ற முனைந்தபோது, அவர்களுட் சிலர் ஓடுபாதை அருகே மேலாடைகளைக் களைந்துவிட்டு உள்ளாடையோடு நின்று ஏற மறுத்தனர். குளிர்காலத்து இலண்டனில் அவர்கள் நின்ற அந்தக் கோலத்தைப் பத்திரிகைகள் உலகெங்கும் வெளியிட்டன. அதற்கிடையில் சட்டத்தரணிகள் நீதிமன்றை நாடி வெளியேற்றத்துக்குத் தடையுத்தரவு பெற்றனர். சில வாரங்களுக்குள் அரசு வேறொரு வழியைக் கண்டது. உரிய பத்திரமின்றிப் பயணியை ஏற்றிவரும் விமான, கப்பற் கம்பனிகள் ஆள் ஒருவருக்கு ஆயிரம் பவுண் செலுத்தவேண்டும் என்று அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் ஏறுதுறையில் பயணச்சீட்டைப் பார்க்கும் எழுத்தரே எல்லைக் காவலர் ஆனார். அவர் மறுத்தால் அதனை எதிர்த்து முறையிட எந்த நீதிமன்றும் இல்லை.

இனி, அவ்வாண்டிலேயே நடந்த மற்றொரு வழக்கு. சட்ட நூல்களில் சிவகுமாரன் வழக்கு எனப் பெயர் பெற்ற அதில் வழக்காளிகள் தமிழர் அறுவர். அவர்களின் விண்ணப்பங்களை உள்நாட்டமைச்சு மறுத்திருந்தது. இலங்கை - இந்திய ஒப்பந்தம் யூலை 29இல் கைச்சாத்தாகி, வடக்கே அமைதி வந்துவிட்டது என்ற எண்ணம் அப்போது பரவியிருந்தது. வழக்கின் மையமாக நின்ற வினா ‘தக்க ஆதாரத்தோடு அஞ்சுதல்’ என்னும் தொடரின் பொருள் யாது என்பதே. அச்சத்தை அஞ்சுபவரின் கண்கொண்டு பார்ப்பதா, அமைச்சரின் மேசையிலிருந்து பார்ப்பதா? மேன்முறையீட்டு நீதிமன்றில் சேர் ஜோன் டொனால்ட்சன் ஓர் உவமை கூறினார். வங்கியில் முகமூடி அணிந்தவன் ஒருவன் காசாளரை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான். அது விளையாட்டுத் துப்பாக்கி என்பது ஒரு நிமிடம் கழித்தே தெரியவருகிறது. அதனால் காசாளரின் அச்சம் ஆதாரமற்றது ஆகிவிடுமா? ஆகாது என்றார் டொனால்ட்சன். அத்தீர்ப்பு 1987 ஒக்டோபர் 12ஆம் நாள் தமிழருக்குச் சார்பாக வழங்கப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னரே, ஒக்டோபர் 10இல், யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் தொடங்கியிருந்தது. அம்மாதம் 21, 22ஆம் நாட்களில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளரும் வைத்தியரும் தாதியரும் கொல்லப்பட்டனர்.

ஆயினும் டிசம்பர் 16ஆம் நாள் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியது. அச்சம் மட்டும் போதாது. துன்புறுத்தல் நேர்வதற்கு நியாயமான அளவு வாய்ப்பு உண்டா என்பதை வெளியுலக நிலையை வைத்தே அளக்கவேண்டும் என்று கீத் பிரபு உரைத்தார். அந்த அளவுகோல் பிற்காலத்தில் அகதிகளுக்கு முற்றிலும் பாதகமாய் அமைந்தது என்று கூறுதல் பொருந்தாது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பும் வேண்டியதில்லை என்பதும் அதே தீர்ப்பிலிருந்து கிடைத்த பயனே. ஆனால் அவ்வறுவருக்கும் அப்போது அது தோல்விதான். அவர்களுள் ஐவர் 1988 பெப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

அக்காலத்துப் பிரித்தானியச் சட்டத்தின் விந்தை இதன்பின் வெளிப்படுகிறது. துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ மறுக்கப்பட்டவருக்கு மேன்முறையீட்டு உரிமை இருந்தது. ஆயின் நாட்டைவிட்டு வெளியேறிய பின்னரே அதனைப் பயன்படுத்தலாம். ‘அங்கே போனால் ஆபத்து’ என்று கூறுபவர் முதலில் அங்கே போகவேண்டும். போய் உயிரோடிருந்தால் அங்கிருந்து முறையிடலாம். ஐவரும் அவ்வாறே முறையிட்டனர். திரும்பிச் சென்றபின் தாம் துன்புறுத்தப்பட்டதாக அவர்களுட் சிலர் கூறினர். 1989 மார்ச்சில் தீர்ப்பாளர் அம்முறையீடுகளை ஏற்று, அவர்களின் அச்சம் ஆதாரமுள்ளதே என்றும் அவர்களைத் திரும்ப அழைக்கவேண்டும் என்றும் முடிவு கூறினார். அவர்கள் மீண்டும் பிரித்தானியா சேர்ந்தனர்.

அவர்களின் வழக்கு பின்னர் ஸ்ட்ராஸ்பேர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றுக்குச் சென்று வில்வராஜா வழக்கு எனப் பெயர் பெற்றது. 1991 ஒக்டோபர் 30ஆம் நாள் அந்நீதிமன்று, பிரித்தானியா மனித உரிமைச் சாசனத்தை மீறவில்லை என்று பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. அவர்களை அனுப்பிய வேளையில், பிற தமிழரினும் அவர்களுக்குச் சிறப்பாக ஆபத்து நேரும் என்று அமைச்சர் முன்னறிந்திருக்க முடியாது என்பது காரணம். உள்நாட்டுத் தீர்ப்பாளர் அவர்களை மெய்யான அகதிகள் எனக் கண்டபின்னும், பன்னாட்டு நீதிமன்றில் அவர்கள் தோற்றனர். எனினும் வெளியேறிய பின்னரே முறையிடலாம் என்னும் விதி நெடுநாள் நிலைக்கவில்லை. 1993ஆம் ஆண்டின் சட்டம், புகலிடம் மறுக்கப்பட்டவர் நாட்டினுள் இருந்துகொண்டே மேன்முறையீடு செய்ய வழி வகுத்தது. வழக்கில் தோற்றவர்கள் கேட்டதைப் பாராளுமன்றம் பின்னர் கொடுத்த விதம் இது. பிற்காலச் சட்டங்கள் அதிலும் பல விலக்குகளைப் புகுத்தின என்பது வேறு.

கனடாவின் வழி வேறாயிருந்தது. 1985 ஏப்பிரில் 4ஆம் நாள் அந்நாட்டு உயர்நீதிமன்று சிங் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, கனடா மண்ணில் நிற்பவர் எவராயினும் அரசியலமைப்புச் சாசனத்தின் காப்புக்கு உரியவர் என்றும், அவரது உண்மையை மதிப்பிட வேண்டியிருப்பின் அவரை நேரில் அழைத்துக் கேட்கவேண்டும் என்றும் கூறியது. எழுத்தில் வந்த மனுவை மட்டும் படித்துத் தள்ளிவிடுதல் இனிச் செல்லாது. மறு ஆண்டு ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரையருகே, மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அவ்வூர் மீனவர் கண்டு காப்பாற்றினர். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் அவர்கள் கூறியது உண்மையன்று, ஜேர்மனியிலிருந்தே கப்பலேறினர் என்பது விரைவில் வெளியாகிப் பெருஞ் சர்ச்சை மூண்டது. எனினும் அவர்கள் தங்கி வேலை செய்ய அனுமதி பெற்றனர். 2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ என்னும் கப்பலில் 492 தமிழர் கனடாவின் மேற்குக் கரை சேர்ந்தபோது நிலைமை கடினமாயிருந்தது. பலர் பல மாதம் தடுத்துவைக்கப்பட்டனர். பயணத்தின்போது இயந்திர அறையிலோ சமையலிலோ கைகொடுத்த பயணிகளை அரசு ஆட்கடத்தலுக்குத் துணைபோனவர்கள் என்றது; அவ்வாறு கொண்டால் அவர்களுக்கு அகதி விசாரணையே கிடையாது. 2015 நவம்பர் 27ஆம் நாள் கனடிய உயர்நீதிமன்று, ஊதியமோ ஆதாயமோ நாடாது ஒருவருக்கொருவர் உதவிக்கொண்ட அகதிகளும், உறவினருக்கு உதவியோரும், இரக்கத்தால் உதவியோரும் கடத்தற்காரர் ஆகார் என்று தீர்த்தது. மூன்று மாதக் கடற்பயணத்தில் எவரேனும் அடுப்பை மூட்டத்தானே வேண்டும்.

தொடக்கத்திற் கூறிய வேலி நகர்த்தல் அதன் முழு வடிவில் நிகழ்ந்த இடம் அவுஸ்திரேலியா. இந்து சமுத்திரத்திலுள்ள கிறிஸ்மஸ் தீவு அந்நாட்டுக்கே உரியது. 2001இல் பாராளுமன்றம் அத்தீவையும் வேறு சில தீவுகளையும் குடிவரவு வலயத்தினின்று வெட்டியகற்றியது. நிலம் அவுஸ்திரேலியாவினது, கொடி அவுஸ்திரேலியாவினது, ஆனால் அங்கே படகில் வந்திறங்கியவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் வகையில் அந்நாட்டுள் வந்தவராகக் கொள்ளப்படார். அமைச்சர் விரும்பினால் மட்டும் அத்தடையை நீக்கலாம். நீக்கவேண்டும் என்ற கடமை அவருக்கில்லை. 2013இல் இதனை ஒரு படி மேலே கொண்டுசென்று, பெருநிலப்பரப்பு முழுவதையும் அவ்வாறே வெட்டினர். படகில் வந்தவரைப் பொறுத்தவரை ஒரு கண்டம் முழுவதும் வேலிக்கு அப்பால் ஆயிற்று.

2009இல் கிறிஸ்மஸ் தீவை அடைந்த இலங்கைத் தமிழர் இருவர் இம்முறையை எதிர்த்தனர். அவர்களின் பாதுகாப்புக் கருதிப் பெயர் மறைத்து, எம் 61, எம் 69 எனக் குறியீடுகளால் அவர்களை நீதிமன்று சுட்டியது. அத்தீவில் விசாரணை நடக்கத்தான் செய்தது. ஆனால் அது சட்டத்தின்கீழ் நடப்பதன்று, அமைச்சருக்கு யோசனை கூறுவதற்கான உள்ளலுவல் மட்டுமே என்று அரசு வாதிட்டது. அப்படியாயின் நீதிமன்று அதில் தலையிட இடமில்லை. விசாரித்தவரும் நாட்டின் குடிவரவுச் சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தாது, அது வெறும் வழிகாட்டி என்று கருதியே முடிவு செய்திருந்தார். வழக்காளி ஒருவர் எடுத்துரைத்த காரணமொன்று கவனிக்கப்படவேயில்லை. இலங்கை நிலைமை பற்றி எதிராகக் கிடைத்த தகவல்களும் அவர்களிடம் காட்டி விளக்கம் கேட்கப்படவில்லை.

2010 நவம்பர் 11ஆம் நாள் அவுஸ்திரேலிய உயர்நீதிமன்றின் நீதியரசர் எழுவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவர்களின் நியாயம் எளிமையானது. விசாரணை நடக்கும் காலமெல்லாம் இம்மனிதர்கள் சிறைப்பட்டிருக்கின்றனர். ஒருவரைச் சிறைவைக்கும் அதிகாரம் சட்டத்திலிருந்தே வரவேண்டும். அச்சிறைவாசத்தை நீட்டிக்கும் விசாரணையும் ஆகவே சட்டத்தோடு கட்டுண்டதே. அதற்கு வெளியே மிதப்பதன்று. எனவே விசாரணை இயற்கை நீதிக்கு அமைய நடக்கவேண்டும், சட்டத்தைச் சரியாக விளங்கி நடக்கவேண்டும். அமைச்சருக்குக் கடமையில்லாமையால், விசாவுக்கு வழிவிடுமாறு அவரை நீதிமன்று கட்டளையிட இயலவில்லை. நடந்த விசாரணை சட்டப் பிழையுடையது என்று பிரகடனம் செய்ததோடு நின்றது. ஆயினும் அந்தப் பிரகடனம் தீவில் அதே முறையில் மறுக்கப்பட்ட பிறருக்கும் வழி திறந்தது.

கரையில் தோற்ற அரசு கடலுக்குச் சென்றது. 2014 யூன் மாதம் புதுச்சேரியிலிருந்து இந்தியப் படகொன்றில் 157 பேர் புறப்பட்டனர். அவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழர், சிறு குழந்தைகளும் உடனிருந்தனர். யூன் 29ஆம் நாள் கிறிஸ்மஸ் தீவுக்கு ஏறத்தாழ 16 கடல் மைல் தொலைவில் அவர்களை அவுஸ்திரேலியச் சுங்கக் கப்பல் மறித்து ஏற்றிக்கொண்டது. அவர்களை இந்தியாவுக்குக் கொண்டுசெல்லுமாறு அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு முடிவு செய்தது. ஆனால் இந்தியா அவர்களை ஏற்பதாக ஏற்பாடு எதுவும் அப்போது இல்லை. கப்பல் இந்தியக் கடலருகே சென்று பல நாள் காத்து நின்றது. பின்னர் திரும்பி, யூலை 27ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளை அடைந்தது. ஏறத்தாழ நான்கு வாரம் அவர்கள் கப்பலிலேயே அடைபட்டிருந்தனர். அதன்பின் அவர்கள் நவுறுத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். இதற்கிடையே வேறொரு படகில் வந்த 41 பேர், கடலிலேயே சுருக்கமாக விசாரிக்கப்பட்டு, யூலை 6ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் கையளிக்கப்பட்டுவிட்டனர். அச்செய்தி மறுநாள் வெளியானவுடன் சட்டத்தரணிகள் உயர்நீதிமன்றுக்கு விரைந்து, 157 பேரையும் அவ்வாறு கையளிப்பதற்கு இடைக்காலத் தடை பெற்றனர். அவர்களுள் ஒருவர் பெயரிலேயே வழக்கு நடந்தது, சி.பி.சி.எஃப். என்பது அவரைச் சுட்டிய குறியீடு.

2015 ஜனவரி 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதியரசர் எழுவருள் நால்வர் அரசின் பக்கம். மூவர் வழக்காளியின் பக்கம். 2013ஆம் ஆண்டின் கடலதிகாரச் சட்டம், மறிக்கப்பட்டவர்களை அவுஸ்திரேலியாவுக்கு வெளியே உள்ள ஓரிடத்துக்குக் கொண்டுசெல்ல அதிகாரம் அளிக்கிறது. அந்த இடத்தின் அனுமதி முன்கூட்டியே இருக்கவேண்டும் என்பதில்லை என்றனர் நால்வர். இறக்கிவிட உரிமையில்லாத நாட்டை நோக்கி மனிதரைக் கொண்டுசெல்வதைச் சட்டம் கருதியதாகக் கொள்ள இயலாது என்றனர் மூவர். அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்னும் 33ஆம் உறுப்புரை கடலதிகாரத்தைக் கட்டுப்படுத்துமா என்பது வழக்கின் பெரிய வினா. அதற்கு முழுமையான விடை கிடைக்கவில்லை. அவர்கள் அஞ்சியது இலங்கையை, கொண்டுசெல்லப்பட்டதோ இந்தியாவை நோக்கி. வழக்கு முடியும்வரை பாராளுமன்றமும் காத்திருக்கவில்லை. பன்னாட்டுக் கடமைக்கு முரண்பட்டது என்ற காரணத்தால் கடலதிகாரம் செல்லாததாகாது என்று 2014 டிசம்பரிலேயே சட்டத்தைத் திருத்திவிட்டது.

உலக நீதிமன்றுகள் இவ்வினாவில் ஒன்றுபடவில்லை. ஹெயிற்றி நாட்டவரை நடுக்கடலில் மறித்துத் திருப்பியதை அமெரிக்க உயர்நீதிமன்று 1993இல் ஏற்றது. உடன்படிக்கை கடலுக்கு எட்டாது என்றது. 2012 பெப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்று அதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. சோமாலியரையும் எரித்திரியரையும் கடலில் ஏற்றி லிபியாவில் இறக்கிவிட்ட இத்தாலி, தன் கப்பலில் அவர்கள் இருந்த நேரமெல்லாம் அவர்களுக்குப் பொறுப்பாளியே என்றது. வில்வராஜா வழக்கில் தமிழருக்கு இல்லையென்று சொன்ன அதே நீதிமன்றுதான் இது.

குடாநாட்டுக்கு மிக அருகிலுள்ள எல்லை பாக்குநீரிணையே. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீற்றர் அளவே தூரம். இலங்கையும் இந்தியாவும் 1951ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. ஆகவே தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோர் சட்டத்தின் கண்ணில் அகதிகள் அல்லர், அயல்நாட்டார் மட்டுமே. அங்கும் நீதிமன்றம் சிறிது கைகொடுத்தது. 1992இல் அகதிகளைத் திருப்பி அனுப்பும் முயற்சி நடந்தபோது, பழ. நெடுமாறன் முதலியோர் தொடுத்த வழக்கில், அவர்கள் மனமுவந்து செல்கின்றனரா என்பதை ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையம் விசாரித்தறியச் சென்னை உயர்நீதிமன்றம் இடமளித்தது. 2025 மே மாதத்திலோ, தண்டனைக் காலம் முடிந்த இலங்கைத் தமிழர் ஒருவர் தம்மை நாடுகடத்த வேண்டாமென்று வேண்டியபோது, எங்கிருந்து வந்தோரையும் ஏற்க இந்தியா ஒரு தருமசத்திரம் அன்று என்னும் பொருள்பட உச்ச நீதிமன்றத்து நீதியரசர் தீபங்கர் தத்தா கூறி மனுவை ஏற்க மறுத்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டின்றி நுழைந்த குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் இராமேசுவரம் கரையில் வந்திறங்கியோர் அந்நாளுக்குப் பிற்பட்டவர்கள்.

அதே தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கனடா நோக்கிப் புறப்பட்ட படகு ஒன்று 2021 ஒக்டோபரில் நடுக்கடலில் ஆபத்துக்குள்ளாகி, டியேகோ கார்சியாத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதில் தமிழர் 89 பேர் இருந்தனர். பிரித்தானியா ஆளும் அத்தீவில் அமெரிக்கப் படைத்தளம் உள்ளது. அகதிகள் உடன்படிக்கை அத்தீவுக்கு விரிக்கப்படவில்லை என்பது பிரித்தானியாவின் நிலைப்பாடு. வேலி அடைத்த கூடார முகாமில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் வைக்கப்பட்டிருந்தனர். 2024 யூலையில் அங்கே சென்று விசாரிக்கவிருந்த நீதிபதிக்கு அமெரிக்கா பாதுகாப்புக் காரணம் காட்டி இடமளிக்கவில்லை. செப்டெம்பரில் ஒருவாறு விசாரணை அத்தீவிலேயே நடந்தது. டிசம்பர் 16ஆம் நாள் நீதிபதி மார்கரெட் ஓபி, முகாம் பெயரளவிலன்றி மற்றெல்லா வகையிலும் சிறையே என்றும், அவர்களை அங்கே தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்றும் தீர்ப்பளித்தார். தீர்ப்பு வெளியானபோது அவர்களுட் பெரும்பாலோர் விமானமேறிப் பிரித்தானியா சேர்ந்திருந்தனர். அங்கே தங்குவதற்கு முதலில் அவர்களுக்கு வழங்கப்பட்ட காலம் ஆறு மாதம்.